தினமும் மதுரை–திண்டுக்கல் பயணம்: உடம்பு தாங்குமா, வீட்டை மாற்றுவதா?

கேள்வி: திருநகர்வாசி

வணக்கம். மதுரை திருநகரில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவருகிறேன். வயது நாற்பதைக் கடந்துவிட்டது. காலையில் நகரப் பேருந்தில் பழங்காநத்தம், காளவாசல் நெரிசலைத் தாண்டி ஆரப்பாளையம் வந்து, அங்கே திண்டுக்கல் வண்டியைப் பிடித்து, இறங்கியபின் ஷேர் ஆட்டோவில் அலுவலகம் சேர வேண்டும். நான்குவழிச் சாலை வந்த பிறகு அந்த அறுபது சொச்சம் கிலோமீட்டர் பெரிதாகத் தெரிவதில்லை. ஊருக்குள் கடக்க வேண்டிய சில கிலோமீட்டர்தான் என்றைக்கு எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. சித்திரைத் திருவிழா நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விடிவதற்கு முன் எழுந்தும், வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடுகிறது.

அண்மையில் நிறுவனத்தில் நடந்த மருத்துவ முகாமில் இரத்த அழுத்தம் 146/94 என்று காட்டியது. இடுப்புக்கு மேல் ஒரு மந்தமான வலி சில மாதங்களாக இருந்துவருகிறது. வண்டியில் இடம் கிடைத்து உட்கார்ந்துவிட்டால் மதுரையை ஒட்டியுள்ள பரவை தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். வீட்டிலோ, மகள் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டால்கூட எரிந்துவிழுகிறேன் என்று மனைவி சொல்கிறார். அவர் சொல்வது உண்மைதான்.

என் கேள்விகள் இரண்டு. இவற்றுக்கெல்லாம் பயணம்தான் காரணமா, அல்லது வயதின் கணக்கைப் பயணத்தின் தலையில் எழுதுகிறேனா? பயணம்தான் காரணம் என்றால், குடும்பத்தோடு திண்டுக்கல்லுக்குக் குடிபெயர்வது சரியாக இருக்குமா? மனைவி மதுரையில் ஒரு பள்ளியில் பணிபுரிகிறார், மகள் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு, அம்மாவோ திருப்பரங்குன்றத்து முருகனை விட்டு ஓர் அடியும் நகரமாட்டேன் என்கிறார்.


பதில்: சிம்மக்கல் பிசியோ

ஐயா, முதுகு வலியைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு, வினாடிக்கு ஏறத்தாழ 5 முறை வரும் அதிர்வுக்கு மிக எளிதாக ஆட்பட்டுவிடும். பேருந்தின் அதிர்வில் ஒரு பகுதி அந்த அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஆட்டத்தைத் தாங்குவதற்காக முதுகுத் தசைகள் நமக்குத் தெரியாமலேயே இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து களைத்துப்போகின்றன. பேருந்து, லாரி, டிராக்டர் ஓட்டுநர்களிடம் கீழ் முதுகு வலி அதிகம் காணப்படுவதற்கு நீண்ட நேர உட்காருதலோடு இந்த அதிர்வும் ஒரு காரணம். பயணிக்கு அவ்வளவு நேரம் இல்லை என்றாலும், தினமும் என்றாகும்போது அதுவும் கணக்கில் ஏறத்தான் செய்யும்.

எனவே இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வரும் இருக்கைகளில் உட்காருங்கள். பின்சக்கரத்தின் மேலேயும், அதற்குப் பின்னால் கடைசி சீட்டிலும் வேகத்தடை வரும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போடப்படுவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். ஒரு கைத்துண்டை இறுகச் சுருட்டி, பெல்ட்டுக்குச் சற்று மேலே முதுகின் குழிவில் வைத்துக்கொள்ளுங்கள். தூங்குவதாக இருந்தால் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்காதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் பல்லும் மூக்கும்தான் முதலில் அடிபடும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: வண்டியிலிருந்து இறங்கிய உடனே கனமான பையையோ தண்ணீர்க் கேனையோ குனிந்து தூக்கக் கூடாது. களைத்துப்போன தசைகளுக்குச் சில நிமிட நடையாவது கொடுத்துவிட்டுத் தூக்க வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர், பிடித்துக்கொண்டது பேருந்தில் அல்ல, வீட்டு வாசலில் என்றுதான் சொல்கிறார்கள்.

வலி காலுக்குள் இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ துண்டை நம்பிக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தத்தைப் பற்றி மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றாலும், அளந்த விதத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காராமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டபடி அளந்தால் எண் கூடுதலாகவே காட்டும். அலுவலகத்துக்குள் நுழைந்த வேகத்தில் முகாமில் கையை நீட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.


பதில்: செக்கானூரணி டீச்சர்

திருநகர்வாசி அண்ணன் அவர்களுக்கு வணக்கம். மதுரையிலிருந்து செக்கானூரணிக்கு அப்பால் ஒரு கிராமப் பள்ளிக்குப் பல ஆண்டுகளாகப் போய்வரும் ஆசிரியை நான். தூரத்தில் உங்கள் பயணத்தில் பாதிகூட இல்லை. ஆனால் இரண்டு பேருந்து மாற வேண்டும், இரண்டாவது பேருந்தை விட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும்.

பயணத்தின் பாதிப்பைப் பேசும்போது எல்லோரும் முதுகைச் சொல்கிறார்கள், புகையைச் சொல்கிறார்கள். பெண்கள் மற்றவர்களிடம் பேசத் தயங்கும் ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்று பயந்து, காலையில் ஒரு டம்ளர் காபிக்கு மேல் எதுவும் குடிக்காமல் கிளம்பி, மாலை வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தள்ளிப்போடுவது எங்களில் பலருக்குப் பழகிப்போய்விட்டது. வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரை மாதத்திலும் இப்படித்தான். நீர்க்கடுப்பு, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல் ஆகியவற்றுக்கு இது எவ்வளவு வசதியான வழி என்பதை எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் தெரிந்துகொள்ளலாம். நான் இப்போது வீட்டில் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புகிறேன். பள்ளியில் இறங்கியதும் மறுபடி ஒரு பாட்டில். வழியில் மட்டும்தான் நோன்பு.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021 முதல் அரசு நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என்னுடன் வரும் சித்தாள் வேலைக்குப் போகும் அக்காக்களுக்கும், பூ விற்கப் போகும் அம்மாக்களுக்கும் அது மாதாமாதம் கையில் நிற்கும் காசு; அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த வண்டிக்காக வேறு வண்டிகளை விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, மிச்சமாகும் பணத்துக்கு ஈடாகக் கொடுப்பது பெரும்பாலும் தூக்கத்தைத்தான். சமையலைக் குறைக்க முடியாது, பிள்ளைகளின் வேலையைக் குறைக்க முடியாது. அலாரத்தைத்தான் முன்னால் தள்ள முடிகிறது.

குடிபெயர்வது பற்றி: நீங்கள் திண்டுக்கல்லுக்குப் போனால் பயணம் ஒழிந்துவிடாது, உங்கள் மனைவியின் தலைக்கு மாறிவிடும். அவர் மதுரைப் பள்ளிக்குத் தினமும் வர வேண்டும், வந்தபின் அடுப்படியிலும் நிற்க வேண்டும். இதை முடிவு செய்வதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அது காணப்படவில்லை.


பதில்: பொருளியல் வாத்தியார்

டீச்சர் சொன்னதுதான் இந்த விவகாரத்தின் மையம் என்று நினைக்கிறேன். பயணத்தைக் கிலோமீட்டரில் அளப்பதைவிட, அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்பதே பயனுள்ளது. உறக்கத்திலிருந்தா, காலை உணவிலிருந்தா, நடையிலிருந்தா, பிள்ளையோடு பேசும் அரை மணியிலிருந்தா? உடம்பு கணக்குக் கேட்பது அந்த இடத்தில்தான்.

உங்கள் முதல் கேள்வி, பயணமா வயதா என்பது, ஆராய்ச்சியாளர்களையும் நெடுங்காலமாகத் திணறவைத்த கேள்வி. ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டனின் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே டிக்கெட் கொடுத்த நடத்துநர்களைவிட இதய நோய் அதிகம் என்று அது காட்டியது. உட்கார்ந்தே இருப்பதன் தீமை பற்றி இன்று நாம் பேசுவதற்கெல்லாம் அது ஒரு தொடக்கம். ஆனால் அதே குழு 1956-இல் சீருடைகளின் அளவுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, இளவயது ஓட்டுநர்களுக்கே இடுப்பளவு நடத்துநர்களைவிடப் பெரிதாக இருந்தது தெரிந்தது. அப்படியானால் வேலை அவர்களைப் பருமனாக்கியதா, பருமனாக இருந்தவர்கள் ஓட்டுநர் வேலையைத் தேடிப் போனார்களா? கால்சட்டை அளவிலிருந்து இவ்வளவு பெரிய கேள்வியை எழுப்ப முடியும் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள்.

இரத்த அழுத்தத்துக்கு நேரடியாகப் பொருந்துவது 2012-இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 4,297 பேரை ஆராய்ந்தபோது, வேலைக்குச் செல்லும் தூரம் கூடக்கூட உடற்பயிற்சி குறைவதும், இடுப்பளவும் இரத்த அழுத்தமும் கூடுவதும் காணப்பட்டன. உடற்பயிற்சியையும் உடல் தகுதியையும் கணக்கில் எடுத்துச் சமன்செய்த பிறகும், இரத்த அழுத்தத்தோடு இருந்த தொடர்பு மட்டும் மறையவில்லை. ஆயினும் அவர்கள் பெரும்பாலும் கார் ஓட்டிச் செல்பவர்கள். அந்த ஆய்வும் ஒரே காலகட்டத்தில் எடுத்த அளவுகளே தவிர, எது முதலில் வந்தது என்று சொல்லாது. பேருந்துக்காரருக்கு நிறுத்தம்வரையாவது நடை உண்டு. அந்த நடையையும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்துவிடுகிறீர்களே என்பதுதான் என் வருத்தம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திண்டுக்கல்லில் இறங்கியபின் அலுவலகம் நடக்கும் தொலைவில் இருந்தால், அதில் பெரும்பங்கு அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது மனநிலை. உளவியலாளர் டேனியல் கானமன் உள்ளிட்டோர் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளின் ஒவ்வொரு வேளையிலும் எப்படி உணர்ந்தார்கள் என்று கேட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குச் செல்லும் பயணம் மகிழ்ச்சிப் பட்டியலின் அடிமட்டத்தில் இருந்தது. சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டட்சர், ஃப்ரை என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மானியத் தரவுகளை வைத்து இன்னொரு முடிச்சை அவிழ்க்க முயன்றார்கள். பொருளியல் பாடப்படி, ஒருவர் நெடுந்தூரம் போய்வரச் சம்மதிக்கிறார் என்றால், அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ கிடைத்திருக்க வேண்டும். ஆகவே அவருடைய மனநிறைவு குறையக் கூடாது. தரவில் குறைந்துதான் இருந்தது. சம்பளமும் வீடும் கண்ணுக்குத் தெரிந்த கணக்கு. பயணத்தின் விலை நாள்தோறும் சில்லறையாகக் கழிவதால், மொத்தமாக எவ்வளவு போயிற்று என்பது யாருக்கும் உறைப்பதில்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்களுக்கு நேராகப் பயன்படக்கூடிய இன்னொரு செய்தி, நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு ரயிலில் சென்றவர்களிடம் நடந்த ஆய்வுகள். பயண நேரம் கூடக்கூட உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. ஆனால் வழியில் வண்டி மாற வேண்டிய தேவையை நீக்கும் நேரடிச் சேவை வந்தபோது, அதற்கு மாறியவர்களின் மன அழுத்தம் குறைந்தது. எப்போது போய்ச் சேருவோம் என்பது நிச்சயமில்லாமல் இருப்பது, போய்ச் சேரும் நேரத்தைவிடக் கொடிது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களே அறுபது கிலோமீட்டர் தெரியவில்லை, ஊருக்குள் உள்ள சில கிலோமீட்டர்தான் கொல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்! வீட்டை மாற்றுவதற்கு முன் ஆரப்பாளையத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.


பதில்: பழைய சீசன் டிக்கெட்

தம்பி, வாத்தியார் விட்ட இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன். பணி ஓய்வு பெறும்வரை மதுரைக்கும் விருதுநகருக்கும் ரயிலில் போய்வந்தவன் நான். திருநகரிலிருந்து திருப்பரங்குன்றம் ரயில் நிலையம் பக்கத்தில்தானே இருக்கிறது? அங்கே உங்கள் நேரத்துக்கு வண்டி நிற்காவிட்டாலும், மதுரை சந்திப்பு வரை டூவீலரில் வந்து நிறுத்திவிட்டு ஏறலாம். திண்டுக்கல்லுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். மாத சீசன், மூன்று மாத சீசன் எல்லாம் உண்டு; 150 கிலோமீட்டர் வரை தருவார்கள்; முன்பதிவில்லாத பெட்டிகளில்தான் ஏற வேண்டும். ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, பேருந்தைப் போல முதுகைக் குலுக்காது. எங்கள் பெட்டியில் செய்தித்தாளை நான்காகப் பிரித்து நான்கு பேர் படிப்போம். இறங்குவதற்குள் விளையாட்டுப் பக்கம் என் கைக்கு வந்தாக வேண்டும் என்பது ஒரு சட்டம். அந்தக் கூட்டாளிகளில் சிலர் என் பேரனின் காதுகுத்துக்குக்கூட வந்திருந்தார்கள். பயணம் மனிதனைத் தனியனாக்குகிறது என்று சொல்வதை நான் முழுதும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ரயிலிலும் குறை உண்டு. வண்டி தாமதமானால் சட்டென்று மாற்று கிடைக்காது; மாலையில் ஒன்றை விட்டால் பேருந்து நிலையத்துக்கு ஓட வேண்டியதுதான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது வேறு. உட்கார்ந்ததும் பரவைக்குள் தூக்கம் என்கிறீர்கள். எங்கள் பெட்டியில் ஒருவர் அப்படித்தான் தினமும் தூங்குவார். குறட்டை அடுத்த பெட்டிக்குக் கேட்கும். அவருக்கும் இரத்த அழுத்தம் இருந்தது, மாத்திரைக்கு அடங்கவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் தூக்கப் பரிசோதனை செய்து, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்தார். உங்கள் குறட்டை எப்படி என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதுவரை தூக்கக் கலக்கத்தோடு டூவீலர் எடுக்காதீர்கள், நான் மேலே சொன்ன யோசனையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.


திருநகர்வாசி:

அனைவருக்கும் நன்றி. டீச்சரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மனைவியிடம் கேட்டேன். குடிபெயர்வதில் அவருக்கு விருப்பமில்லை. மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை இந்தப் பேச்சே வேண்டாம் என்பதும், அலுவலகத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்டுப் பார்க்கலாமே என்பதும் அவருடைய கருத்து. மாதக் கணக்கு முடிக்கும் நாட்களைத் தவிர மற்ற நாட்களில் அப்படிச் செய்துகொள்ளலாம் என்று மேலாளரும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். இரவு எட்டு மணிக்கே வீடு வந்துவிட்டால், ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கும் வழக்கமும் மாறும். எனக்கு இருக்கும் நெஞ்செரிச்சலுக்கும் அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டேன். காலை வண்டி ஒத்துவருகிறது, மாலை வண்டி சில நாட்களுக்குத்தான் ஒத்துவரும். காலையில் ரயில், மாலையில் பேருந்து என்று வைத்துக்கொண்டாலும் சீசன் எடுப்பது லாபமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். குறட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, மனைவியும் மகளும் அம்மாவும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மருத்துவரிடம் அதையும் சொல்லப்போகிறேன்.

பிசியோ ஐயாவுக்கு ஒரு கேள்வி. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் வீட்டிலேயே சில நாள் இரத்த அழுத்தம் அளந்து எடுத்துப்போகலாம் என்று கருவி வாங்க நினைக்கிறேன். மணிக்கட்டில் கட்டுவது போதுமா?


பதில்: சிம்மக்கல் பிசியோ

மணிக்கட்டுக் கருவி வேண்டாம் ஐயா, மேற்கையில் கட்டுவதையே வாங்குங்கள். உங்கள் கையின் சுற்றளவுக்குப் பட்டை சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே கட்டிப் பாருங்கள். காலையில் காபிக்கும் கிளம்பும் பரபரப்புக்கும் முன்பு இரண்டு முறை, இரவில் வீடு வந்து இளைப்பாறிய பிறகு இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளி விட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் வைத்து, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து அளந்து எழுதுங்கள். ஒரு வாரம் போதும். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதே எல்லை, மருத்துவமனையில்தான் 140/90. விடுமுறை நாள் எது, வேலை நாள் எது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். பயணத்தின் பங்கு எவ்வளவு என்று மருத்துவர் ஊகிக்க அது உதவும். எண் 180/120-ஐத் தொட்டு, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ பேச்சுக் குழறலோ சேர்ந்து வந்தால், வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.